எட்டுக் குழுக்கள் தங்களோடு தாங்களே ஆடிய கதை

ஜனவரி 12, திங்கள்

மைனஸ் முப்பத்தொன்று. கார் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு ஓர்வில் கிளம்பி வந்துவிட்டார், மடிக்கணினியோடு. அறுபத்தெட்டு வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொள்கிறார். பனித்தரையில் கல் தள்ளும் எங்கள் கர்லிங் கிளப்பில், யாரோடு யார் ஆடுவது என்று அட்டவணை போடுவது அவர் பொறுப்பு. "வருஷா வருஷம் உங்க மச்சானுக்கு மட்டும் நோஞ்சான் டீமா மாட்டுதே, எப்படி?" என்று இன்னொரு குழுவின் தலைவி மேவிஸ் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாளாம்.

"இனிமே கம்ப்யூட்டர் போடட்டும். அதுக்கு ஏது மச்சான்?" என்கிறார். சொதப்பினால் பொறுப்பு மேவிஸுக்குப் போய்விடும்.

திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. "திட்டுது பாரும்மா." நிஜமாகவே மனம் நொந்துபோயிருந்தார். ஓர் அடைப்புக்குறியை மூடவில்லை, அவ்வளவுதான். ஒரு குழு தன்னோடு தானே மோதினால் பிழை என்று கத்தும்படியும் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன்.

ஜனவரி 14

இன்று ஒரு பிழையும் வரவில்லை. சந்தேகப்பட்டுப் பார்த்தால் — என்ன பிழை வந்தாலும் வாயை மூடிக்கொண்டு மேலே போ என்று எழுதி வைத்திருக்கிறார்!

"எங்க வீட்டுல நாப்பது வருஷமா அப்படித்தான் ஓடுது."

எடுக்கச் சொன்னேன். எடுப்பாரா?

ஜனவரி 17, சனி

எடுக்கவில்லை.

கிளப் சுவரில் அட்டவணை. மேவிஸ் குழு — மேவிஸ் குழு. மச்சான் குழு — மச்சான் குழு. எட்டும் இப்படியே. என் வரி கத்தத்தான் கத்தியிருக்கும், யார் கேட்டது?

யாராவது சண்டை போட வேண்டாமா? "ஒட்டியாச்சே, என்ன பண்றது" என்று ஒவ்வொரு குழுவிலும் இருக்கிற நாலு பேரும் இரண்டிரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். என் குழு எங்களிடமே தோற்றது. ஜெயித்தவர் தோற்றவருக்கு பீர் வாங்கித் தருவது இங்கே வழக்கம். மேவிஸ் தன் குழுவைத் தோற்கடித்துவிட்டுத் தன் குழுவுக்கே வாங்கிக் கொடுத்தாள். ஒரே குஷி.

ஜனவரி 18

நான் திருத்தினேன். எதிர்க் குழுவின் எண்ணுக்கு ஒன்று கூட்ட வேண்டும், அதுதான் விஷயம். மேவிஸ் குழுவுக்கு மச்சான் குழு வந்தது. மேவிஸ் தோற்றாள்.

"நல்லா இருந்ததை யாரு திருத்துனது?" என்னை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஜனவரி 24

கிளப் கூட்டம். அடுத்த போட்டியிலும் அவரவர் அவரவரோடுதான் ஆட வேண்டுமாம். பழைய பிழையைத் திரும்பப் போட்டால் ஓர்வில் நீடிக்கலாம். இல்லையென்றால் மேவிஸ்.

உட்கார்ந்து, கவனமாக, பிழையைப் போட்டுக் கொடுத்தேன். இதுக்கா நான் படிச்சேன்?

பிப்ரவரி 7

சுவரில் மேவிஸ் குழு — மச்சான் குழு. எல்லாம் சரியாக இருந்தது. பதறிப்போய் ஓர்விலிடம் ஓடினேன். நான் போட்ட பிழை எங்கே?

"பார்த்தேம்மா. ஒண்ணு கூட்டாம விட்டிருந்தே. தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி விடுறது? நானே திருத்திட்டேன்."

"உங்க பொறுப்பு?"

"காலையிலேயே மேவிஸ் வந்து பொறுப்பையும் கிளப் சாவியையும் வாங்கிட்டுப் போயிட்டா." முகமெல்லாம் சிரிப்பு.

பாவமாக இருந்தது. பீர் வாங்கித் தரலாம் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

"ஜெயிச்சவன்தாம்மா வாங்கணும்."