சூடாகுற கார்டுதான் வேணும்

என் அன்பு லோரிக்காரருக்கு,

நல்லா இருக்கீங்களா? அங்கயும் இப்படிக் குளிருதா? இங்க எஸ்டேட்டுல ஒரு வாரமா மழை விடல, லயத்து வீட்டுச் செவரெல்லாம் ஈரம். ஆனா என் கால் ரெண்டும் சூடா இருக்கு. ஏன்னு கேளுங்க, சொல்றேன்.

நீங்க போன மறு மாசமே உங்க கம்ப்யூட்டரும் படுத்துக்கிச்சு. பட்டனை அமுக்குனா உள்ள விசிறி சுத்துது, திரையில ஒன்னும் வரல. படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டு செத்துப் போச்சுன்னு நம்ம கவிதா சொன்னா. சொன்ன கையோட, "வித்துடலாம்மா, இனிமே யாரு விளையாடப் போறா?"ன்னா. உங்க செல்ல மகளாச்சே, திட்ட மனசு வரல. ஆனா எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

காலமெல்லாம் கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துல கோஸ் ஏத்திக்கிட்டு லோரி ஓட்டினீங்க. முட்டி போச்சுன்னு வீட்டுல உக்காந்ததும் கம்ப்யூட்டர்லயும் லோரியே ஓட்டினீங்க. வேலைய விட்டுட்டு வேலையையே விளையாடுற மனுஷனை நான் வேற எங்கயும் கண்டதில்ல. திட்டிக்கிட்டேதான் பக்கத்துல வந்து உக்காருவேன். அந்தப் பொட்டிக்குப் பின்னாடி வர்ற சூடு யாருக்கு வேணாம்? தோட்டத்துல நனைஞ்சு வந்த காலை நான் இந்தப் பக்கம் நீட்ட, நீங்க அந்தப் பக்கம் நீட்ட, நம்ம பேச்செல்லாம் அங்கதான நடந்துச்சு.

பொட்டி அணைஞ்ச பிறகு அந்த மூலைக்கே போக முடியல. அவ்வளவு சில்லுனு கெடந்துச்சு. எனக்கு அந்தச் சூடு திரும்ப வேணும், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை பொட்டிய உங்க கம்பளியில சுத்தி, கவிதா காடி பின் சீட்டுல ஏத்திக்கிட்டு கீழ ஈப்போ டவுனுக்கு எறங்கினோம். புதுக் கார்டு பொட்டிக்குள்ள புடிக்குமான்னு பாக்கணுமாம். கடையில ஒரு தமிழ்ப் பொண்ணு. கவிதா முன்னாடியே போன்ல பாத்து ஒரு கார்டு முடிவு பண்ணி வச்சிருந்தா. சின்னது, புதுசு.

"ஆன்ட்டி, இது சூடே ஆகாது, சத்தமும் கேக்காது. லோரி கேமுக்கு இதே தாராளம்"னு அந்தப் பொண்ணும் சொல்லுச்சு.

"அப்ப எனக்கு இது வேணாம்மா. நல்லா சூடாகுறது இருக்கா?"

ரெண்டும் முழிச்சுச்சுங்க. அப்புறம் அந்தப் பொண்ணு தயங்கித் தயங்கி பழைய மாடல் ஒன்னைக் காட்டுச்சு. மூணு விசிறி, செங்கல்லு கனம். "இது அடுப்பு மாதிரி ஆன்ட்டி. எல்லாரும் கம்ப்ளேன் பண்ணுவாங்க."

"கீழ இருக்கறவங்க பண்ணுவாங்க. நாங்க மலையில இருக்கோம்லா"ன்னேன். கவிதா வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சா. நீங்க போனதுக்கு அப்புறம் அவ அப்படிச் சிரிச்சு இப்பதான் பாக்குறேன்.

அந்தக் கார்டு தின்ற கரண்டுக்கு உள்ள இருக்குற பவர் சப்ளையையும் பெருசா மாத்தினோம். கெளம்பும்போது அந்தப் பொண்ணு ஒன்னு சொல்லுச்சு. சும்மா ஓடுனா சூடு வராதாம். கேமுல படத்தோட தெளிவையெல்லாம் உச்சத்துல வச்சாதான் கார்டு மூச்சு முட்ட வேலை செய்யுமாம்.

வீட்டுக்கு வந்து கவிதா எல்லாத்தையும் உச்சத்துல வச்சா. என்னங்க, அப்பதான் பாத்தேன். பழைய கார்டு தாங்காதுன்னு நீங்க எல்லாத்தையும் கொறச்சு வச்சே ஓட்டியிருக்கீங்க. உங்க லோரி நீங்க நிறுத்துன அதே பெட்ரோல் ஸ்டேஷன்ல நிக்குது. கண்ணாடியில மழை. ஒவ்வொரு துளியும் வழுக்கி எறங்குது, வைப்பர் தள்ளித் தள்ளி விடுது. ஈர ரோட்டுல வெளக்கெல்லாம் மின்னுது. இந்த மழையை நீங்க பாத்ததே இல்லைல்ல?

அழுதேங்க, மறைக்க மாட்டேன். அழுதுக்கிட்டே ஆக்ஸிலேட்டரை அமுக்கி, நேரா போய் பெட்ரோல் பம்புல முட்டினேன். நீங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

விசிறி இப்ப ஹோன்னு எரையுது. வித்துடலாம்ங்கற பேச்சை கவிதா அன்னியோட விட்டுட்டா. நேத்து அவளே வந்து, நீங்க நீட்டுற அந்தப் பக்கம் காலை நீட்டிக்கிட்டா, நான் உங்க கம்பளியப் போத்தி விட்டேன்.

நீங்க ஏத்துன சரக்கு லோரியில அப்படியே இருக்கு. கோணல்மாணலா ஓட்டினாலும் அதைக் கொண்டு போய்ச் சேத்துடுவேன். வழியில எங்கெங்க மழை பேஞ்சுச்சுன்னு வந்து உங்ககிட்ட சொல்றேன்.

பொட்டிக்கு இந்தப் பக்கம் கால் நீட்டி உக்காந்திருக்கும்
உங்க சம்சாரம்,
லெட்சுமி