இரண்டு கதவுகளையும் ஒருசேரத் திறந்தது குறித்து

அனுப்புநர்:
சோபா தைப்பவர் (கடையை மகளிடம் கொடுத்தாயிற்று, ஊசியைக் கொடுக்கவில்லை),
தலைவர், 'ஒன்பதாவது கலம்' நேயர் வட்டம்,
மருந்துக்கடைக்கு எதிரே, இரட்டைக் கதவு வீடு.
(தபால்காரருக்குத் தெரியும்.)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தொடர் நிகழ்ச்சிகள் பிரிவு,
தொலைக்காட்சி நிலையம்.

பொருள்: 'ஒன்பதாவது கலம்' புதிய சீசனில் இடையறையின் இரு கதவுகளும் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டமை, அதனால் ஒரு சமையல்காரர் செத்தது வீணானமை, ஒரு பூனை வெளியேறியமை, என் அக்கா எதிர்க்கடைக்குப் போய்விட்டமை, இவற்றின் மீது நடவடிக்கை கோருதல்.

பார்வை: என் முந்தைய மூன்று மனுக்கள், அவற்றுக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய ஒரே பதில் (மூன்று முறை வந்தது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. சுற்றி வளைக்காமல் குற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தங்கள் நிலையம் ஒளிபரப்பும் மேற்படி தொடரில், விண்கலத்தின் புதிய கேப்டன் இடையறையின் உள்கதவையும் வெளிக்கதவையும் ஒன்றாகத் திறந்தார். யாரும் சாகவில்லை. யாருக்கும் மூச்சுகூட முட்டவில்லை. கேப்டனின் தலைமுடி மட்டும் அழகாகப் பறந்தது. என் புகார் இதுதான்.

2. தாங்கள் இந்தப் பிரிவுக்குப் புதியவர் என்றும், முன்பு வானிலை அறிக்கைப் பிரிவில் இருந்தீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஆகவே காற்றைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கலத்துக்குள் காற்று உண்டு; வெளியே கிடையாது. வெளியே போகிறவர் முதலில் உள்கதவைத் திறந்து இடையறைக்குள் நிற்க வேண்டும். உள்கதவைச் சாத்த வேண்டும். கேப்டன் "பின்கதவு சாத்தியாச்சா?" என்று கேட்பார். "சாத்தியாச்சு, கேப்டன்" என்று பதில் வந்த பிறகே வெளிக்கதவு திறக்கும். முப்பது வருடங்களுக்கு மேலாக, எந்தக் கிரகத்தில் இறங்கினாலும், பின்னால் எந்தப் பிசாசு துரத்தினாலும், இந்தக் கேள்வியும் பதிலும் மாறியதே இல்லை.

3. பழசு என்பதற்காகவே தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவன் அல்ல நான். பழைய கலத்தின் சுவர் அட்டை என்பது எனக்குத் தெரியும். யாராவது சாய்ந்தால் விண்வெளியே ஆடும். ஒரு வேற்றுக்கிரகத் தூதருக்குக் காது கழன்று, அடுத்த காட்சியில் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. அதை நாங்கள் பெரிதுபடுத்தவில்லை. தூரப் பயணம், காதுக்கு என்ன ஆனதோ என்று விட்டுவிட்டோம். கேப்டன் இருக்கையின் கிழிசலுக்குக் கறுப்பு டேப் ஒட்டியிருந்ததைப் பார்க்கும்போது மட்டும் கை அரிக்கும். தைத்துத் தருகிறேன் என்று எழுதிப்போட்டதுதான் என் முதல் மனு. இப்போது வந்திருக்கும் புது இருக்கை பஞ்சே இல்லாத வெள்ளைக் கிண்ணம். அதில் உட்கார்ந்து பார்த்த எவரும் அதை உருவாக்கியிருக்க முடியாது. இருந்தாலும் இந்த மனு இருக்கை பற்றியது அல்ல. அதற்குத் தனியாக எழுதுவேன்.

4. நானும் அக்காவும் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு கதவுகள். தெருக்கதவைத் திறந்தால் செருப்பு விடும் சிறு இடம். அதைத் தாண்டி உள்கதவு. அக்காவின் பூனைக்குப் பெயர் மாலுமி. திறந்த கதவைக் கண்டால் அதற்குக் கால் தரையில் நிற்காது. அது ஓடிவிடாமல் இருக்க அக்கா கண்டுபிடித்த வழி தங்கள் தொடரிலிருந்து வந்ததுதான். யார் வந்தாலும் தெருக்கதவைச் சாத்திய பிறகே உள்கதவு திறக்கும். உள்ளேயிருந்து அக்கா, "பின்கதவு சாத்தியாச்சா?" என்பார். வந்தவர், "சாத்தியாச்சு, கேப்டன்" என்றாக வேண்டும். தபால்காரர் சொல்வார். மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வார். சிலிண்டர் கொண்டுவருகிறவர் தோளில் சுமையோடு நின்று, "சாத்தியாச்சு தாயே, சீக்கிரம் தொறங்க, முதுகு போயிரும்!" என்று கொஞ்சம் கூட்டியே சொல்வார். பூனை வளர்ந்து கிழமாகும்வரை ஒரு நாளும் தெருவைப் பார்த்ததில்லை. தங்கள் தொடரால் நாட்டில் யாருக்காவது நேரடி நன்மை விளைந்திருக்கிறதா என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டைக் காட்டலாம்.

5. இனி சமையல்காரர். தாங்கள் அந்தப் பகுதியைப் பார்த்திருக்கமாட்டீர்கள். பார்த்திருந்தால் நான் இதை எழுத நேர்ந்திருக்காது. கலத்தின் வெளிக்கதவு பிய்ந்துபோகிறது. உள்கதவின் தாழ்ப்பாளும் விழவில்லை. இடையறைப் பக்கம் நின்று யாராவது அந்தக் கதவைத் தள்ளிப் பிடித்தால்தான் உள்ளே இருப்பவர்கள் கீழ்த்தளத்துக்கு ஓடித் தப்பலாம். அதுவரை அந்தத் தொடரில் கரண்டியோடு இரண்டு வரி பேசிவிட்டுப் போவதைத் தவிர வேறு வேலை இல்லாத சமையல்காரர் போய் முதுகைக் கொடுத்துக் கதவைச் சாத்துகிறார். கேப்டன் கேட்கிறார். அவர் "சாத்தியாச்சு, கேப்டன்" என்கிறார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அந்தப் பகுதி ஒளிபரப்பானது என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், காலமான மாதத்தில். துக்கம் கேட்க வந்தவர்கள் முன் அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார், நாற்காலிகளை மடக்கி வைத்தார், "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று பேசியவர்களுக்கும் குடை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். சமையல்காரருக்காக அழுதார். மாடி வீட்டு அம்மா பதறி இறங்கி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். "சமையல்காரர் போயிட்டாரும்மா" என்றேன். எங்கள் வீட்டில் சமையல்காரர் எப்போது இருந்தார் என்ற குழப்பத்தோடு அவர் படியேறிப் போனார். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

6. இந்தப் பின்னணியில் தங்கள் புதிய கேப்டன் சொன்னதைக் கவனிக்க வேண்டுகிறேன். இரு கதவுகளும் திறந்திருக்க, நடுவில் நீல நிறத்தில் ஏதோ மினுங்குகிறது. மாலுமிப்பெண் ஒருத்தி பயப்படுகிறாள். கேப்டன் சிரித்தபடி, "பயப்படாதே, காத்துத் திரை இருக்கு. கலம் கட்டின நாள்லேருந்தே இருக்கு" என்கிறார்.

கட்டின நாளிலிருந்தே! ஐயா, காற்றை வெளியே விடாத திரை அப்போதே இருந்தது என்றால், சமையல்காரர் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதுமே. கூட இருந்தவர்களில் ஒருவருக்குமா அது தெரியாமல் போயிற்று? அக்கா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "அப்போ அந்தாளு சும்மாதான் செத்தானாடா?" என்று என்னைக் கேட்டார். நான் சோபா தைப்பவன். இதற்குப் பதில் தங்களிடம் இருக்க வேண்டும்.

7. அந்த வார ஞாயிற்றுக்கிழமை என் மாப்பிள்ளை வந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, நல்லவர், புதிய சீசனின் தீவிர ரசிகர். இரண்டு கைகளிலும் பைகள். அக்கா வழக்கம்போல உள்ளிருந்து கேட்டார். மாப்பிள்ளை தெருக்கதவை முழங்கையால் விரியத் தள்ளி, உள்கதவைக் காலால் திறந்துகொண்டு, "அதெல்லாம் பழைய சீசன் அத்தை! இப்பத்தான் திரை வந்துருச்சே!" என்றார். மாலுமி அவர் கால்களுக்கு நடுவே புகுந்து போனது. எங்கள் வீட்டில் திரை எதுவும் வேலை செய்யவில்லை என்பதைத் தங்கள் தொழில்நுட்பப் பிரிவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். விபத்துக் காப்பீடு விற்கிறவர் இப்படிச் செய்ததைப் பற்றி அவர் அலுவலகத்துக்கும் எழுதலாம் என்றிருந்தேன். மகள் முகத்துக்காக விட்டுவிட்டேன்.

8. பூனை தொலைந்துவிடவில்லை. அப்படி ஆகியிருந்தால்கூட அக்கா ஒரு மாதிரி ஆறியிருப்பார். அது எதிரே மருந்துக்கடையில் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் படுத்திருக்கிறது. எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். அதுவும் எங்களைப் பார்க்கிறது. வருவதில்லை. தூக்கி வந்தாலும், இப்போது கதவடியில் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதால், அடுத்த முறை கதவு திறக்கும் நொடியில் பாய்ந்து திரும்பிவிடுகிறது. ஒருமுறை உலகத்தைப் பார்த்துவிட்டதல்லவா. "அது பாட்டுக்குக் கெடக்கட்டும் பெரியவரே, இங்க கதவே கெடையாது, ஷட்டர் மட்டும்தான்" என்கிறார் கடைக்காரர், ஏதோ தான் பெரிய உபகாரம் செய்வதுபோல. பால் வேறு ஊற்றுகிறார்.

அக்காவும் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடவும் தூங்கவும் வீட்டுக்கு வருகிறார். என்னோடு பேசவும் செய்கிறார். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வருவதில்லை. கூப்பிட்டால், "அந்தக் கலமும் வேணாம், கதவும் வேணாம், நீயே பாரு" என்கிறார். அந்த நேரத்தில் மருந்துக்கடைத் தொலைக்காட்சியில் போட்டி நிலையத்தின் பாட்டு நிகழ்ச்சி ஓடுகிறது. ஒருவர் பாட மூவர் அழுகிறார்கள். முதல் சீசனின் முதல் நாளிலிருந்து தங்களிடம் இருந்த ஒரு நேயரைத் தாங்கள் பறிகொடுத்தது அவர்களிடம்தான் என்பதைத் தங்கள் மேலதிகாரிகளும் அறிய விரும்பக்கூடும். நான் தனியாகப் பார்க்கிறேன். பிடிக்கவில்லை. ஆனாலும் பார்க்கிறேன், பார்க்காமல் புகார் எழுதுவது நியாயமல்ல.

9. "மாமா, இது வெறும் கதை" என்கிறார் மாப்பிள்ளை. தங்கள் அலுவலகமும் இதையே சொல்லக்கூடும். கதை என்பதால்தான் கேட்கிறேன். நான் பள்ளியில் அதிகம் படித்தவன் அல்ல. பழைய இருக்கைகளைப் பிரிக்கும்போது உள்ளே திணித்திருக்கும் செய்தித்தாள்களை நீவிப் படித்தே எழுத்துக் கூட்டக் கற்றவன். அதில் பாதிக் கதைகளுக்கு முடிவு இருக்காது. அடுத்த தாள் வேறு யார் சோபாவிலோ இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கதையில் பொய் சொல்லலாம், அதற்குத்தான் கதை. ஒருவரை அழவைத்த பொய்யைப் பிறகு மாற்றிச் சொல்லக் கூடாது.

10. தையல் கோணிவிட்டால் சோபாவையே யாரும் எரிப்பதில்லை. கோணிய இடத்தை மட்டும் பிரித்துப் போட்டால் போதும். ஆகவே புதிய சீசனை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. கீழ்க்காணும் வேலைகளை அவரவர் செய்தால் போதுமானது:

அ) தாங்கள்: மேற்படி பகுதியை மறு ஒளிபரப்புச் செய்யும் முன், கேப்டனின் ஒரே ஒரு வரியை மாற்றிப் பதிவு செய்ய வேண்டும். "கலம் கட்டின நாள்லேருந்தே இருக்கு" என்பதை எடுத்துவிட்டு, "நம்ம சமையல்காரர் போனதுக்கு அப்புறம் மாட்டினது" என்று வைக்கவும். வாயசைவு ஏறக்குறையப் பொருந்துகிறது. கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துவிட்டேன். இதைச் சொல்லும்போது கேப்டன் சிரிக்கக் கூடாது. சிரிப்பது படத்தில் தெரிந்தால், அந்த இடத்தில் கதவைக் காட்டவும்.

ஆ) கதை எழுதியவர்கள்: ஐந்து பேர் என்று போடுகிறீர்கள். ஐவரும் ஒன்றாக உட்கார்ந்து, கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு, சமையல்காரர் பகுதியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இ) தங்கள் கடிதப் பிரிவு: "தங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது" என்ற பதிலை நான்காம் முறை அனுப்ப வேண்டாம். மூன்று இருக்கிறது.

ஈ) மாப்பிள்ளை (நகல் அனுப்பியுள்ளேன்): பூனையை உடைத்தவர் பூனையை ஒட்ட வேண்டும். மாலுமியைப் பிடித்து வந்து, இரு கதவுகளுக்கு நடுவில் நின்று, கேட்கிற கேள்விக்கு உரிய பதிலை முழுதாகச் சொல்லி உள்ளே வர வேண்டும். காலால் அல்ல.

உ) மருந்துக்கடைக்காரர் (நகல் நேரில் தரப்படும்): பால் ஊற்றுவதை நிறுத்த வேண்டும்.

ஊ) அக்கா: அவரை இதைச் செய், அதைச் செய் என்று யாரும் சொல்ல முடியாது, நான் சொல்லிப் பார்த்தவன். ஆகவே அவர் பெயரில் எந்த வேலையும் எழுதவில்லை.

எ) மனுதாரர்: தொலைக்காட்சிக்கு எதிரே உள்ள அக்காவின் இருக்கைக்குப் புது உறை தைத்து வைப்பது என் பொறுப்பு. துணி வெட்டியாயிற்று. கைப்பிடியில் பூனை நகத்தால் கிழித்த இடத்தை மட்டும் தொடக் கூடாது என்று அக்கா முன்பே சொல்லியிருக்கிறார். என் தொழிலில் கிழிசலை அப்படியே விட்டு நான் தைத்ததில்லை. இதை விட்டுவிடுகிறேன்.

இடம்: வீடு, தொலைக்காட்சிக்கு முன்
நாள்: வெள்ளிக்கிழமை, தொடர் தொடங்கும் முன்

இப்படிக்கு, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும்,
(கையொப்பம்)
சோபா தைப்பவர்,
தலைவர், 'ஒன்பதாவது கலம்' நேயர் வட்டம்
(செயலாளர் கையொப்பம்: இடம் விடப்பட்டுள்ளது, செயலாளர் என் அக்கா.)