சென்னைக்கு ஒன்று, மும்பைக்கு ஒன்று

திங்கள், 9

காலையிலேயே சுள்ளென்று வெயில். திருநகரிலிருந்து கே.கே. நகர் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் துப்பட்டா முழுக்க வியர்வை. பெட்ரோல் போட வேண்டும். அப்பாவுக்கு மாத்திரை.

இன்று கூட்டம். டயாலிசிஸுக்கு நேரம் பதிவு செய்யும் எங்கள் ஆப் இனி இரண்டு டேட்டா சென்டரில் ஓடப்போகிறது. சென்னை ஒன்று, மும்பை ஒன்று. வருகிறவர்களை எப்படிப் பிரித்து அனுப்புவது? நான் எழுதிக்கொண்டு போனது:

– முறைவைத்து. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு.
– நலம் விசாரித்து. இரண்டையும் ஓயாமல் "இருக்கிறாயா?" என்று கேட்டு, பதில் சொல்கிற பக்கம் மட்டும்.

இரண்டாவதுதான் என்றேன். பச்சைப் பிள்ளைக்கும் புரியும்.

முதலாளிகள் இருவருக்கும் புரியவில்லை. மும்பை, பெ.மு. (பெரிய முதலாளி) பிடித்து வந்தது. சென்னை, சி.மு. பிடித்து வந்தது. இருவரும் சகலைகள். மாமனார் வேட்டி எடுத்தாலும் இரண்டு மாப்பிள்ளைக்கும் ஒரே கரை, ஒரே விலை. ஒரு தீபாவளிக்கு ஒருத்தருக்கு மட்டும் சட்டைத்துணி வந்துவிட்டதாம், அடுத்த தீபாவளி வரை பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பழக்கம் சர்வர் வரைக்கும் வந்துவிட்டது.

பெ.மு.: "அதென்னம்மா பதில் சொல்ற பக்கம் மட்டும்? அப்ப மும்பைய வாசல்ல நிப்பாட்டிருவியா?"

"விழுந்தா மட்டுந்தான் சார்."

"விழாது. சமமாப் பிரி."

சி.மு.வும் தலையாட்டினார். "சமமா இருந்தாத்தேன் பிரச்சினை இல்ல."

செவ்வாய், 10

அவர்கள் சொன்னபடியே, முறைவைத்துப் பிரிக்கும்படி மாற்றினேன். மதியம் டீ ஆறிப்போனது. பெட்ரோல் மறந்துவிட்டேன்.

புதன், 11

மேகம் மட்டும். மழை இல்லை. ஒரே புழுக்கம்.

மதியம் மும்பை சர்வர் விழுந்தது. பாதிப் பேருக்காவது வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். மடச்சி. நேரம் பதிவு செய்ய ஆப்பில் நாலைந்து பக்கம் தாண்ட வேண்டும். ஒரு பக்கம் சென்னைக்குப் போனால் அடுத்தது மும்பைக்கு. முதல் பக்கத்தில் தப்பித்தவர் இரண்டாவதில் மாட்டினார். கடைசிவரை யாரும் போய்ச் சேரவில்லை. சமம் கேட்டார்களே, சமமாக எல்லோருக்கும் நாமம்.

வீட்டுக்கு வந்தால் அப்பா போனும் கையுமாக. நாளைக்கு அவருக்கு டயாலிசிஸ். திருப்பரங்குன்றம் டயாலிசிஸ் சென்டரில் இப்போதெல்லாம் போனில் நேரம் தருவதில்லை, ஆப்பில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்ததே எங்கள் ஆபீஸ்தான்.

"ஒங்க ஆப்புதானத்தா? மதியத்துல இருந்து சுத்திக்கிட்டே கெடக்கு. நாந்தேன் எதையும் தப்பா அமுக்கிட்டனோ?"

யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

வியாழன், 12

விடிந்ததும் சென்டருக்கு நேரில் போனேன். இடமில்லை. "நேரம் போட்டவங்களுக்கே பத்தலக்கா. நாளைக்கு ஆப்ல பாருங்க" என்றது நர்ஸ் பெண். பாவம், அது என்ன செய்யும்.

அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது. மூச்சு வாங்குகிறது. தண்ணீர் கேட்கிறார், கொடுக்கக் கூடாது. "ஒரே ஒரு மடக்குத்தா." கொடுக்கவில்லை. எரிச்சலில் அவரிடமும் கத்திவிட்டேன்.

ஆபீஸில் மும்பை இன்னும் விழுந்தே கிடந்தது. யாரையும் கேட்கவில்லை. நலம் விசாரிக்கிற முறைக்கு மாற்றினேன். எல்லாம் சென்னைக்கே போயின. கொஞ்ச நேரத்தில் அப்பாவிடமிருந்து போன்: "இப்பப் போகுதுத்தா. நாளைக் காலைல கெடைச்சிருச்சு."

வெள்ளி, 13

சிலிண்டர் இன்னும் வரவில்லை. அப்பா டயாலிசிஸ் முடிந்து தூங்குகிறார். வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

சாயங்காலம் கூட்டம். பெ.மு. ஏக குஷி. "பாத்தியாம்மா, நேத்துல இருந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல. சமமாப் பிரிச்சா எம்புட்டு நல்லா ஓடுது!"

அடக்க முடியவில்லை. "மும்பை முந்தாநாளே விழுந்துருச்சு சார். இன்னும் எந்திரிக்கல. அம்புட்டையும் சென்னைதான் தாங்குது. நான்தான் மாத்துனேன். எங்கப்பா காலு வீங்கி, மூச்சு வாங்கிக் கெடந்தாரு."

அப்பாவுக்கு இப்போது எப்படி என்று ஒரு வார்த்தை? இல்லை. சி.மு.வுக்குச் சிரிப்பு, அதை மறைக்கக்கூட இல்லை. பெ.மு. விரல் விட்டு நாளை எண்ணினார். பிறகு:

"அப்ப நேத்தும் இன்னைக்கும் சென்னைக்கே போயிருக்கு. சரி, போகட்டும். அடுத்த ரெண்டு நாளு அம்புட்டையும் மும்பைக்கு விட்ரு. நேராயிரும்."

சி.மு. யோசித்தார். "நாயந்தேன்" என்றார்.

என் இடத்துக்கு வந்தேன். ஆட்களைப் பிரித்து அனுப்புகிற அமைப்பின் பாஸ்வேர்டை மாற்றினேன். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.