ஐம்பதுக்கு மேல் வரும் நிம்மதி

அக்கா,

எதிர் ஃப்ளாட் பெண் நேற்று ஒரு டப்பா நிறையப் பாதாம் அல்வா கொண்டுவந்தாள். புது கார் வாங்கியிருக்கிறாள், முப்பதுகூட ஆகவில்லை. அல்வாவை மாற்றி வைக்க மேல்தட்டில் பாத்திரம் தேடினேன். உங்கள் எவர்சில்வர் டப்பா கைக்கு வந்தது. மூடியில் உங்கள் பெயர் வெட்டியிருக்கிறது. திறந்தால் இன்னும் ஏலக்காய் வாசனை.

கே.கே. நகர் வீட்டுக்கு மூத்த மருமகளாக நீங்கள் வந்தீர்கள். பிறகு இளையவளாக நான். அப்போது தேனாம்பேட்டையில் உங்கள் வீட்டுக்காரரின் எலக்ட்ரிக்கல் கடை நன்றாக ஓடியது. நான் கல்லூரியில் தற்காலிக வேலையில் இருந்தேன். உங்கள் பழைய புடவைகளைக் கொடுத்து, "காலேஜுக்கு இது போதும், கட்டிக்கோ" என்பீர்கள். அந்த வருடங்களில் உங்களைப் போல் சந்தோஷமான ஒருவரை நான் பார்த்ததில்லை.

என் வேலை நிரந்தரமானது. அடையாறில் இந்த ஃப்ளாட்டை வாங்கினோம். உங்கள் வருமானத்தில் ஒரு ரூபாய்கூட அதனால் குறையவில்லை. ஆனாலும் பால் காய்ச்சிய அன்று நீங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, "கிச்சன் சின்னதா இருக்கு" என்றீர்கள். உங்களுடையதைவிடப் பெரிய கிச்சன் அது. திரும்பும்போது லிஃப்ட் வாசலில், "அம்பது தாண்டட்டும்டி. அப்புறம் எவ எவ்ளோ சம்பாதிச்சா நமக்கென்னனு ஆயிடும்" என்றீர்கள். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

உங்களுக்கு ஐம்பது வந்தது. கடைதான் போனது.

பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். நான் முறுக்கு அனுப்பினால் உங்களிடமிருந்து முந்திரி கேக் வரும். கடையை மூடிய பிறகும் வந்தது. "அண்ணி பதிலுக்குச் செலவு பண்றாங்க. கொஞ்ச நாள் எதுவும் அனுப்பாதே" என்றார் என் கணவர். நியாயமாகத்தான் பட்டது. அந்தத் தீபாவளிக்கு நான் எதுவும் அனுப்பவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு பஸ் மாறி நீங்கள் வந்து நின்றீர்கள். கையில் இந்த டப்பா. உள்ளே நெய் வழிய முந்திரி கேக்.

"எங்களால திருப்பித் தர முடியாதுனு முடிவு பண்ணிட்ட, இல்ல?"

"அப்படி இல்லக்கா."

"எப்படி?"

டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனீர்கள்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதி உடம்பாகக் கிடந்தீர்கள். எல்லோரும் வெளியே போகும்வரை காத்திருந்து என் முழங்கையைப் பிடித்தீர்கள். ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறீர்கள் என்று குனிந்தேன்.

"உனக்கு இப்ப கைக்கு எவ்ளோ வருது?"

குறைத்துச் சொல்லியிருக்கலாம். அது உங்களை இன்னும் அவமதிப்பதாகப் பட்டது. உள்ளதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

"வந்து என்ன? ரிட்டயர் ஆகற வரைக்கும் காலையில எழுந்து ஓடணும் நீ. என்னைப் பாரு, ஜம்முனு படுத்துட்டேன்."

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாக மாறி, நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். நாம் பேசியது அதுதான் கடைசி. காரியத்தன்று ஓர் உறவுக்காரர், "இருக்கறது போதும்னு வாழ்ந்த மனுஷி" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

வயது கூடினால் மனம் அடங்கும் என்பதை நான் அப்போதே நம்பவில்லை. ஆனாலும் எனக்கு அது உண்மையாகலாம் என்று உள்ளூர ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. அடுத்த மாதம் எனக்கு ஐம்பது. இன்று காலை பால்கனியிலிருந்து அந்தப் பெண்ணின் காரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "பார்க்கிங்கில் இடத்தை அடைக்கிறது" என்றேன் என் கணவரிடம். அவர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை.

அவளுடைய டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டேன். வீட்டில் முறுக்கு இருக்கிறது, அதையே வைத்துத் தரலாம். முந்திரி கேக் வாங்க தி. நகர் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், அக்கா.