தோளும் தோலும்

என் செல்லப் பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள். ஐந்தாவதோடு நின்ற கை இது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ போனில் ஆபரேஷன் என்றபோது என் காதில் 'தோள்' என்றுதான் விழுந்தது. நாள் முழுக்க பஸ் ஓட்டுகிற பெண், ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துத் தோள் போய்விட்டது என்று மாடி வீட்டுக்காரி வரைக்கும் சொல்லிவிட்டேன். உன் அப்பன் பதறிப்போய் லீவு எழுதிக் கொடுத்து, பெட்டியும் கட்டிவிட்டான்.

கடிதம் வந்த பிறகுதான் அது தோள் இல்லை, தோல் என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் இந்த ல, ள-வுக்கு நான் வாங்கிய அடி போதாது போலிருக்கிறது.

உன் அப்பன் முகம் மாறிவிட்டது. "அதான் மெலிஞ்சாச்சே, இன்னும் என்ன? அழகுக்காக யாராவது உடம்ப அறுத்துக்குவாங்களா" என்று பெட்டியைப் பிரித்துச் சட்டைகளை அலமாரியில் வைத்துவிட்டான்.

மறுநாள் அவன் சாப்பிடும்போது உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். வயிற்றில் தொங்கும் தோல் மடிப்பு வேர்த்துப் புண்ணாவதை, அதன்மேல் எட்டு மணி நேரம் சீட் பெல்ட் உரசுவதை, வீட்டுக்கு வந்து மருந்து தடவி ஃபேனுக்கு நேரே நிற்பதை. எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். அதனால் ஒவ்வொரு சொல்லையும் அவன் கேட்கவேண்டியதாயிற்று.

கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். 'பூசணி' என்று உனக்குப் பெயர் வைத்தவள் நான்தானே.

பிறகு அவனிடம் கணக்குச் சொன்னேன். உன் மகள் இறக்கியது அறுபத்திரண்டு கிலோ. நான் நாற்பத்தெட்டு, மாடி வீட்டு நாய் பதினாலு. ஒரு கிழவியையும் ஒரு நாயையும் சுமந்துகொண்டே பஸ் ஓட்டியவள், மூன்று வருஷம் வாயைக் கட்டி, படியேறி, இரண்டையும் இறக்கிவிட்டாள். நாங்கள் உட்கார்ந்திருந்த பை மட்டும் இன்னும் தொங்குகிறது. அதை எடுப்பதற்குப் பெயர் அழகா என்று கேட்டேன். கை கழுவப் போனவன் வெகுநேரம் குழாயை மூடவில்லை.

பெட்டியை மறுபடி கட்டிவிட்டான். அடுத்த வாரம் புதன்கிழமை வந்து சேருவான். உனக்கு வியாழக்கிழமைதானே ஆபரேஷன். கொஞ்ச நாள் நிமிர்ந்து நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவன்மேல் சாய்ந்துகொண்டு நட. ஒன்றும் கேட்கமாட்டான், கேட்டால் எனக்குப் போன் போடு.

தைரியமாகப் போய்த் தோலைக் கொடுத்துவிட்டு வா, கண்ணே. தோளை நான் அனுப்பியிருக்கிறேன்.

இனி உன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடப்போகும்,
உன் பாட்டி