சீயக்காய் ஆகிப்போன அரக்கு

அக்டோபர் 1, புதன்

பட்டுக்கடை ஆபீஸில் ஆயுத பூஜை. இன்று என் மூஞ்சி கலரில் அச்சானது.

கலர் காப்பியரின் மூடியைத் தூக்கி, கண்ணாடி மூலையில் ஒரு கறையைக் கிட்டத்தில் குனிந்து பார்த்துக்கினு இருந்தேன். தொப்பை பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டது. சர்ரென்று வெளிச்சம் ஓடி, அரை மீசை, ஒரு கன்னம், நெற்றிக் குங்குமம் எல்லாம் தாளில் வந்து விழுந்தது. பில் போடும் அகிலா அதை நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டு, "கீழ 'காணவில்லை'ன்னு எழுதிரட்டுமா சார்?" என்கிறாள். பத்தாவது பாஸ் பண்ணி, இருபத்திரண்டு வருஷம் ஆபீஸ் பார்த்ததற்கு இதுதான் மரியாதை.

அப்புறம் மெஷினுக்கு வஞ்சனையில்லாமல் சந்தனம், குங்குமம் வைத்தேன். வெளியே நாலு. முன்கதவைத் திறந்தால் உள்ளே சின்னதாக ஒரு வட்டம் பளபளத்தது, நெற்றி மாதிரி. அதற்கும் ஒன்று.

அக்டோபர் 2, வியாழன்

மகள் பிரியதர்ஷினி தன் முதல் புடவை டிசைனை முடித்துவிட்டாள். அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை. டெக்ஸ்டைல் டிசைன் படித்தவள். மூன்று மாதமாகக் கம்ப்யூட்டரே கதி. நாளை எங்கள் முதலாளி பஞ்சாட்சரம் பார்க்கிறார். அவர் ஸ்கிரீனில் பார்க்கமாட்டார், தாளில்தான். பிடித்தால் தறியில் ஏற்றிவிடுவார்.

"பிரிண்ட் சரியா வருமாப்பா?"

"என் மெஷின் பொய் சொல்லாது" என்றேன். என்னமோ நானே செய்து வைத்த மெஷின் மாதிரி.

அக்டோபர் 3, வெள்ளி

அரக்கு, சீயக்காய்த் தூள் நிறத்தில் வந்தது.

முதலாளி தாளை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டினார். எந்தப் புடவையையும் அப்படித்தான் பார்ப்பார். டியூப் லைட்டை நம்பமாட்டார். "இன்னாம்மா இது? இத்தக் கட்டிக்கினு எந்தப் பொண்ணு மணையில ஒக்காருவா?"

"ஸ்கிரீன்ல அரக்குதான் சார்" என்றாள் பிரியா.

"புதன்கிழமை சாயக்காரருக்கு நிறம் குடுக்கணும். அதுக்குள்ள சரியா வரலன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்மா."

அவள் போனதும் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். "தேவேந்திரா, கோளாறு மெஷின்லயா, பொண்ணுகிட்டயா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குது சார். அவளுக்குத்தான் நிறம் இன்னும் பிடிபடல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நான் பார்த்துக்கொள்கிற மெஷினாச்சே.

அக்டோபர் 4, சனி

காலையில் தோசையைப் பிய்த்துக்கினே கேட்கிறாள்: "என் கண்ணுதான் சரியில்லையோப்பா?" சுங்குவார்சத்திரத்தில் ஏதோ கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம். அந்த நம்பரை வாங்கி வைத்திருக்கிறாள்.

மனசு கேட்கல. ஆபீஸுக்குப் போனதும் தாள் கட்டை மாற்றினேன். டோனரைக் குலுக்கினேன் — வெள்ளைச் சட்டை போச்சு. கண்ணாடியைத் துடைத்தேன். மெனுவில் நிறம் சரிசெய்கிற இடத்தைத் தேடிப் பிடித்து மூன்று தடவை ஓடவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் மோசம். மூன்றாவதில் சீயக்காய் புளியோதரை ஆனது.

அக்டோபர் 5, ஞாயிறு

அவள் இன்று கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

அகிலா பிரிண்டையும் நோட்டீஸ் போர்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், உங்க மூஞ்சில குங்குமம் நல்ல செவப்பா விழுந்துருக்குது பாருங்க. இன்னிக்கு எடுத்தா எப்படி வரும்?"

தாளில் குங்குமத்தைத் தடவி ஒரு காப்பி எடுத்தோம். புளியோதரை. அப்படியென்றால் புதன்கிழமை அந்தக் காப்பி எடுக்கிறவரைக்கும் மெஷின் ஒழுங்காக இருந்திருக்கிறது. அதற்கப்புறம் யாரோ என்னமோ செய்திருக்கிறார்கள். யார் அந்தப் புண்ணியவான்? அப்புறம் — ஐயோ, நான்தான்!

முன்கதவைத் திறந்து போட்டோ எடுத்து சர்வீஸ் ஜெயக்குமாருக்கு அனுப்பினேன். போனில் ஒரே சிரிப்பு. "சார், மெஷின் தன் நிறத்தத் தானே அளந்து பாக்குற கண்ணு சார் அது! நீங்க வெச்ச குங்குமத்தப் பாத்துட்டு, செவப்பு எக்கச்சக்கமா இருக்குதுன்னு நெனச்சு கொறச்சுக்கினே போவுது. நீங்க ஓடவிட ஓடவிட இன்னும் கொறையும்."

நெற்றி என்று நினைத்து கண்ணில் வைத்திருக்கிறேன்.

அவர் சொன்னபடி மெஷினை அணைத்து, பஞ்சால் மெதுவாகத் துடைத்து, மறுபடி ஓடவிட்டேன். பிரியாவின் டிசைனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வெயிலில் — அரக்கு! அவள் சொன்ன அதே அரக்கு.

முதலாளியிடம் நானே போய், "பொண்ணு மேல தப்பில்ல சார், பொட்டு மேலதான்" என்றேன். டீ குடித்துக்கினு இருந்தவருக்குப் புரை ஏறிவிட்டது.

அக்டோபர் 8, புதன்

தாள் சாயக்காரர் கைக்குப் போனது. இனி நம் கையில் இல்லை.

அக்டோபர் 15, புதன்

சாயம் தோய்த்த பட்டு நூல் வந்தது. பிரியா வாசலில் நின்று நூலைத் தாள்மேல் வைத்தாள். நூல் எது, தாள் எது என்று தெரியவில்லை. முதலாளி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தறியில பாவு போடச் சொல்லிடும்மா" என்றார்.

என் மூஞ்சி இன்னும் போர்டில்தான் இருக்கிறது. அகிலா கீழே 'தலைமை மெக்கானிக்' என்று எழுதியிருக்கிறாள்.

சாயங்காலம் செவிலிமேடு பஸ்ஸில் பிரியா என் தோளில் சாய்ந்துகொண்டாள். "எல்லாரும் என் மேலதான் தப்புன்னாங்க. நானே அப்படித்தான் நெனச்சேன். நீ மட்டும்தான்பா என்னை நம்பி, அந்த மெஷினோட மல்லுக்கட்டிக்கினு இருந்தே."

பொட்டு வைத்த கதையை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை முதலாளி அறையில் நான் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஜன்னல் பக்கம் தள்ளி ஒக்காரும்மா, காத்து வரும்" என்றுதான் வந்தது.