ஜெரிஷுக்காக நீ கேட்ட பாட்டு

அருமனை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் லிஜாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகன் அனீஷும் பிள்ளையும் அந்தக் குளிர் நாட்டில் ஒரு குறைவுமில்லாமல் இருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. இங்கே நானும் அம்மாவும் சுகம். சுகம் என்றால், எனக்கு சுகர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அம்மாவுக்கு முட்டுவலி, மற்றபடி கஞ்சி குடித்து நடமாடுகிறோம். மழை பிடித்தால் விடமாட்டேன் என்கிறது, கிணற்றில் கையால் கோரலாம். போனில் பேசினால் நீ மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாய், நான் போட்டேன் என்பேன், அதோடு நம் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போடாதே மக்களே, கடைசிவரை வாசி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி டெல்சி, மார்த்தாண்டத்தில் கணக்கு டீச்சர். மற்றவன் ஷிபு, கீரிப்பாறை பஸ் ஓட்டுகிறவன். லிஜா அக்காக்க வீடு இதுதானா என்று கேட்டார்கள். அயர்லாந்து விசாவுக்கு வழி கேட்க வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, அந்த வெளிநாட்டுப் பாட்டு பேண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்கள். நீயும் ஜெரிஷ் அண்ணனும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பீர்களே, அதேதான். பெயர் இன்றைக்கும் என் வாயில் சுற்றாது. அவர்களுடைய ஆக இருட்டான ஆல்பம் வந்து இருபது வருஷம் ஆகிறதாம், இந்தப் பக்கத்து ரசிகர்கள் கூடி அதை முழுசாகக் கேட்கப் போகிறார்களாம், அதற்கு உன்னை அழைக்க வந்தார்களாம். ஒவ்வொரு பாட்டையும் எப்படிக் கேட்க வேண்டும் என்று நீ அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழில் எழுதிப் போட்டிருந்தாயாமே, அதை வாசித்துத்தான் இவர்கள் கேட்கப் பழகினார்களாம். ஷிபுவின் மனைவி முதல் பிரசவத்தில் போய்விட்டாள். அவன் சொன்னான், இருட்டுப் பாட்டுதான் மாமா, ஆனா அதுக்குள்ள இருக்கச்சில நான் மட்டும் தனியா இல்லேன்னு தோணும் என்று. நான் சாயாவைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் என் கையால் எழுதினால்தான் சரியாகும். ஜெரிஷ் பைக்கில் போய் விழுந்து இறந்து எட்டு மாதம் கழித்து, உன் அலமாரியில் அந்த சிடிகளையும் நீல அட்டை நோட்டையும் எடுத்தேன். அட்டைப் படத்தில் இலையில்லாத மரம், கண் கட்டின முகம். பிசாசின் வேலை என்று முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபை மூப்பர் அல்லவா, யாரிடமும் எதையும் கேட்கிற வழக்கம் எனக்கு அப்போது கிடையாது. உபவாச ஜெபத்துக்கு எல்லாவற்றையும் சுமந்துபோய், உன் நோட்டில் இரண்டு பக்கம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சிரித்தார்கள். ஸ்தோத்திரம் என்றார்கள். நீ மூன்றாவது வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு கோயிலுக்குப் பின்னால் போட்டு எரித்தோம். நீ அழவில்லை. என் மகள் கண்ணீர் விடவில்லை, விடுதலையாகிவிட்டாள் என்று அதையும் சாட்சியாகச் சொன்னேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

உன்னை அழாதே என்று சொல்லிவைத்தவன் நானேதான். அண்ணன் சவப்பெட்டியில் கிடக்கும்போது, மூப்பர் வீட்டில் ஒப்பாரி கேட்டால் விசுவாசம் கெட்டுப்போகும், அவன் ஆண்டவரிடம் போயிருக்கிறான், யாரும் அழக்கூடாது என்று உத்தரவு போட்டேன். அம்மா வாய் திறக்கப் போனாள், நான் கையால் பொத்தினேன். நானே நின்று துதிப்பாட்டு எடுத்துக் கொடுத்தேன். ஊரே மெச்சியது.

அக்காதான் வரமுடியாது, நீங்களாவது வாருங்க மாமா என்று டெல்சி கூப்பிட்டாள். ஏன் போனேன் என்று தெரியவில்லை, போனேன். குழித்துறையில் ஒரு தையல்கடை மாடி. பதினெட்டுப் பேர், பிளாஸ்டிக் நாற்காலி, மத்தியானத்திலேயே ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். பாட்டு முடியும்வரை யாரும் பேசக்கூடாதாம். நம் கோயிலில்கூட இப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் பத்து நிமிஷம் எனக்குப் பிடிக்கவே இல்லை, அந்த ஆள் தொண்டையால் உறுமுகிறான். எழுந்து போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன். டெல்சி நீ எழுதியதைக் காப்பி எடுத்து எல்லாருக்கும் கொடுத்திருந்தாள், எனக்கும் ஒன்று. அதில் மூன்றாவது பாட்டுக்கு எழுதியிருந்தாய்: இங்கே டிரம் நின்றுவிடும், கிதார் மட்டும் தனியாக வரும், அண்ணன் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வான், இப்போது அவனுக்காக நான் மூடிக்கொள்கிறேன். அந்த வரியை நான் அன்றைக்கு உன் நோட்டிலிருந்து சபையில் வாசித்தவன். வாசித்தேன், காதில் விழவில்லை. இப்போது டிரம் நின்றது, கிதார் வந்தது. சுற்றிலும் பார்த்தால் பதினெட்டுப் பேரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். பெற்ற மகனுக்காகப் பதிமூன்று வருஷத்தில் முதல்முறையாக, முன்பின் தெரியாத மனுஷர் நடுவில் உட்கார்ந்து அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஷிபு மட்டும் அவன் துண்டை என் மடியில் வைத்துவிட்டு முன்பக்கம் பார்த்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு போதகர் ஐயரிடம் கேட்டு ஐந்து நிமிஷம் வாங்கி, உன்னை எங்கே வைத்து அவமானப்படுத்தினேனோ அங்கேயே நின்று, நான் செய்தது பாவம், என் பிள்ளை பிசாசோடு இல்லை, தன் அண்ணனோடு இருந்தாள் என்று சொன்னேன். மூப்பர் பொறுப்பு இனி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக் குமாரதாஸ் வாசலில் பிடித்து, வேண்டாத வேலை ஓய், பழசைக் கிளறாதேயும் என்றார். போகட்டும்.

அம்மாவும் அன்று கோயிலில் இருந்தாள். வீட்டுக்கு வந்து வேதப்புத்தகத்தை மேசையில் வைத்தாள், என் முன்னால் வந்து நின்றாள், இனி நான் அழலாமா என்று கேட்டாள். அனுமதி கேட்கிறாள் மக்களே. பெற்றவள் என்னிடம் அனுமதி கேட்கிறாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எனக்க பொன்னு மோனே என்று தரையில் உட்கார்ந்தாள், பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. பழைய புத்தி, பக்கத்தில் கேட்குமே என்று முன்கதவைச் சாத்தப் போனேன். பிறகு நன்றாகத் திறந்து வைத்தேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதுகிறேன், அதற்குப் பதில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. டெல்சியின் நம்பர் பின்பக்கம் இருக்கிறது, அவர்களிடம் பேசு, உன்மேல் உயிராக இருக்கிறார்கள். பிள்ளையின் காதைக் குளிர் படாமல் மூடு. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் வீட்டில் சமாதானம் தங்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அம்மாவுக்குப் போன் செய். அவள் அழுதால் சமாதானம் சொல்லாதே, கூட அழு.

இப்படிக்கு,
உங்களை அழவிடாத அப்பா,
ஞானதாசன்